அச்செழுத்தைப் படிக்கும் கருவிகள்: நூறாண்டுக் கதை

இது நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் பிரெய்ல் எழுத்து பிறந்த கதையை எழுதியிருந்தேன். அதன் கீழே, என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவர் கேட்டிருந்தார்: "டீச்சர், பிரெய்ல் புத்தகம் சரி. நாம படிக்கிற சாதாரணப் புத்தகத்தை, பேப்பரை, வீட்டுக்கு வர்ற கடிதத்தைப் பார்வை இல்லாதவங்க எப்படிப் படிப்பாங்க?" சரியான இடத்தில் கைவைத்த கேள்வி. பிரெய்லில் ஒன்றைப் படிக்க வேண்டுமானால் கண் தெரிந்த யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைப் பிரெய்லுக்கு மாற்றித் தர வேண்டும். எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அவர் கையில். அந்த இடைத்தரகர் இல்லாமல் அச்செழுத்தை நேராகப் படிக்க முடியுமா என்று தேடிய கதைதான் இது. பல்கலைக்கழகமும் கம்பெனியும் பார்வையற்றவர்களும் சேர்ந்து இழுத்த தேர். சில சமயம் சேர்ந்து இழுத்தார்கள், சில சமயம் ஒருவர் நடுத்தெருவில் கயிற்றை விட்டுவிட்டுப் போனார்.

1912ஆம் ஆண்டில் தொடங்குவோம். இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஃபோர்னியர் டால்ப் என்பவர் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். செலினியம் என்று ஒரு தனிமம் உண்டு. அதன்மேல் வெளிச்சம் பட்டால் மின்சாரம் எளிதாகப் பாயும், இருட்டில் பாய்வது குறைந்துபோகும். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு வெளிச்சத்தைச் சத்தமாக மாற்றும் கருவி ஒன்றை அவர் செய்தார். பெயர் ஆப்டோபோன். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, விளக்கு எங்கே எரிகிறது என்று காதால் கண்டுபிடிக்கலாம். பார்வையற்றவர்களிடம் அது எடுபடவில்லை. ஜன்னலைக் கண்டுபிடிப்பது அவர்களுக்கு ஒரு கஷ்டமாகவே இருந்ததில்லையே! கண் தெரிந்தவர், கண்ணை மூடிக்கொண்டு தனக்கு என்ன கஷ்டம் வரும் என்று யோசித்துச் செய்த கருவி அது. இந்த வகைக் கருவிகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் மனிதர் விடவில்லை. அதே செலினியத்தை வைத்து அச்செழுத்தைப் படிக்கும் ஆப்டோபோனை அடுத்த இரண்டு ஆண்டுகளில் உருவாக்கினார். மேலிருந்து கீழாகச் சில ஒளிப்புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சுரம். அந்தப் புள்ளி வரிசை அச்சு வரியின் மேல் நகரும்போது எழுத்தின் கறுப்பும் காகிதத்தின் வெள்ளையும் மாறி மாறி வர, காதில் சுரங்கள் மாறி மாறிக் கேட்கும். ஆங்கில 'வி' எழுத்து எப்படி இருக்கும்? மேலிருந்து இறங்கி மறுபடி ஏறும். காதிலும் அது இறங்கி ஏறும் ஒரு சின்ன ராகம். இப்படி 26 ராகத்தை மனப்பாடம் செய்துகொண்டால் புத்தகம் படிக்கலாம்.

சொல்வது சுலபம். 1918இல் லண்டனில் மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற இளம்பெண் பொதுமக்கள் முன்னால் இந்தக் கருவியால் படித்துக் காட்டினார். நிமிடத்துக்கு ஒரு சொல் என்ற வேகம்தான் வந்தது. நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'அம்மா' என்று எழுத்துக்கூட்டும் வேகம். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் ஜேம்சன் அந்தக் கருவியை விடாமல் பயின்று, பின்னாளில் நிமிடத்துக்கு 60 சொல் அளவுக்குக் கொண்டுவந்தார். கிளாஸ்கோ நகரத்தில் ராணுவத்துக்குத் தொலைவு அளக்கும் கருவிகள் செய்துகொண்டிருந்த பார் அண்ட் ஸ்ட்ரவுட் கம்பெனி ஆப்டோபோனைத் தயாரிக்க முன்வந்தது. முதல் கருவியில் வெள்ளை இடம்தான் சத்தம் போடும், எழுத்து வந்தால் அந்தச் சுரம் அடங்கும். கம்பெனிப் பொறியாளர்கள் அதைத் தலைகீழாக மாற்றி, கறுப்பு எழுத்து மட்டும் ஒலிக்கும்படி செய்தார்கள். காதுக்கு எவ்வளவு நிம்மதி!

வரலாற்றுப் புத்தகங்களில் டால்ப் கண்டுபிடித்தார் என்று ஒரு வரி இருக்கும். மேரி ஜேம்சன் 'சோதித்துப் பார்த்தவர்' என்று அடுத்த வரியில் வருவார், அதுவும் வந்தால். பல பத்தாண்டுகள் ஒருவர் ஒரு கருவியோடு வாழ்ந்து, அதில் எது உதவும் எது உதவாது என்று செய்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னால் அவரை வெறும் சோதனை எலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருவியைப் பாதி உண்டாக்கியவர் அவர்தான்.

இருந்தும் ஆப்டோபோன் பரவவில்லை. லண்டனில் இருந்த பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனம் அதில் ஆர்வம் காட்டவில்லை. விலையும் அதிகம், பயிற்சியும் அதிகம். மிகச் சில கருவிகளோடு கம்பெனி நிறுத்திக்கொண்டது.

அடுத்த கட்டம் இரண்டாம் உலகப் போர். அமெரிக்காவில் போரில் பார்வை இழந்து திரும்பிய வீரர்களுக்காக 1944இல் அரசு பணம் ஒதுக்கியது. ஆர்சிஏ கம்பெனி கருவி செய்தது, ஹாஸ்கின்ஸ் ஆய்வகம் அதை ஆராய்ந்தது. அவர்கள் கண்டது, எழுத்துக்கு ஒரு சத்தம் என்று வைத்தால் காது ஓரளவுக்கு மேல் வேகம் பிடிக்காது. தந்தி ஆபீஸ் 'கட்டுக் கடகட' போலத் தனித்தனியாகத்தான் கேட்கும். மனிதர் பேசுவதை மட்டும் காது மளமளவென்று வாங்கிக்கொள்கிறதே, அது ஏன்? இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்ட அந்த ஆய்வகம், அப்புறம் பல பத்தாண்டுகள் மனிதப் பேச்சையே ஆராய்ந்தது. இன்று உங்கள் கைபேசி பேசுகிறது, வழி சொல்கிறது. அந்தக் குரலின் பூர்வீகத்தைத் தோண்டினால் பார்வையற்ற வீரர்களுக்காகத் தொடங்கிய இந்த வேலையும் அதில் கிடக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஜான் லின்வில் என்பவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் மகள் கேண்டி சின்னக் குழந்தையாக இருக்கும்போதே பார்வை இழந்தவள். அவள் படிக்க வேண்டிய புத்தகங்களை அம்மா உட்கார்ந்து கையால் பிரெய்லில் எழுதிக் கொடுத்துவந்தார். 1962இல் லின்வில் ஐரோப்பா போயிருந்தபோது, ஜெர்மனியில் ஐபிஎம் கூடம் ஒன்றில் வேகமாக அச்சடிக்கும் இயந்திரத்தைப் பார்த்தார். அதில் சின்னச் சின்ன ஊசிகள் முன்னால் வந்து அடித்து எழுத்தை உண்டாக்கின. அந்த ஊசிகள்மேல் காகிதத்துக்குப் பதிலாக விரலை வைத்தால்? எழுத்தின் வடிவம் விரலுக்குத் தெரியுமே! ஒரு தகப்பனுக்குத்தான் அந்த இடத்தில் அந்த எண்ணம் வரும்.

ஊருக்குத் திரும்பியதும், தொடு உணர்வை ஆராய்ந்துகொண்டிருந்த ஜேம்ஸ் பிளிஸ் என்பவரோடு சேர்ந்தார். அவர் பக்கத்திலேயே இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். அரசின் கல்வித் துறை பணம் கொடுத்தது. செய்த கருவிக்கு ஆப்டகான் என்று பெயர். அந்தக் காலத்து டேப் ரிக்கார்டர் அளவு இருக்கும். வலது கையில் ஒரு சின்னக் கேமரா. அதை அச்சு வரியின்மேல் நகர்த்த வேண்டும். இடது கை ஆள்காட்டி விரலை ஒரு பள்ளத்தில் வைக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் 24 வரிசை, வரிசைக்கு 6 என்று 144 ஊசிகள். மின்சாரம் கொடுத்தால் வளையும் ஒரு வகைப் பீங்கான் பட்டைகள் அந்த ஊசிகளை அதிரவைக்கும். கேமரா 'ஓ' எழுத்தைப் பார்த்தால் விரலடியில் வட்டமாக அதிர்வு ஓடும். கேண்டிதான் தொடக்கத்திலிருந்து அதைப் படித்துப் பார்த்தவள். எது புரிகிறது, எது குழப்புகிறது என்று அப்பாவிடம் சொன்னவள். பின்னாளில் அதே ஸ்டான்ஃபோர்டில் படித்தாள்.

ஆப்டகானுக்கு ஒரு பெரிய சிறப்பு இருந்தது. அதற்கு எந்த மொழியும் தெரியாது! காகிதத்தில் என்ன வடிவம் இருக்கிறதோ அதை அப்படியே விரலுக்குக் கடத்தும், அவ்வளவுதான். அதனால் கணக்குக் குறிகளையும் படிக்கலாம், ஜப்பானிய எழுத்தையும் படிக்கலாம். நம் தமிழையும் அது அப்படியே கொடுத்திருக்கும். இரண்டு சுழி 'ன'வா மூன்று சுழி 'ண'வா என்று விரலால் எண்ணுவது எவ்வளவு பாடு என்பது, சிலேட்டில் அதை எழுதவைத்த எனக்குத் தெரியும். ஆனால் முடியாது என்று சொல்ல முடியாது. வாரக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் நிமிடத்துக்கு 30 முதல் 50 சொல் வரை படித்தார்கள். மெதுவுதான். ஆனாலும் வங்கியிலிருந்து வந்த கடிதத்தை அவர்களே பிரித்து அவர்களே படித்தார்கள்.

1970இல் லின்வில்லும் பிளிஸும் டெலிசென்சரி சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே கருவி சந்தைக்கு வந்தது. பத்தாயிரத்துக்கும் மேல் விற்றது. ஆப்டகானை வைத்துக்கொண்டு பலர் அலுவலகங்களில் வேலைக்குப் போனார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் ஓடின. அதற்குள் பேசும் கருவிகள் வந்துவிட்டன, ஆப்டகான் விற்பனை குறைந்தது. 1996இல் கம்பெனி தயாரிப்பை நிறுத்தியது. பயன்படுத்தியவர்கள் முறையிட்டார்கள். கணக்குப் புத்தகத்தைப் பேசும் கருவி படிக்காது, கையெழுத்தைப் படிக்காது, எங்களுக்கு இது வேண்டும் என்றார்கள். கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை. 2005இல் கம்பெனியே மூடப்பட்டது. அப்புறம் பழைய ஆப்டகான்களைத் தேடி வாங்கி, ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்கு உதிரிபாகம் போட்டு ஓட்டினார்கள். ஒருவருடைய கண்ணாக இருந்த பொருள் இப்படி ஒருநாள் நின்றுபோனால் அவர் யாரிடம் போவார்?

இங்கே நம் பழைய மாணவர் குழு விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் படிக்கும் பார்வையற்ற பிள்ளைக்குப் 'பேசும் கண்ணாடி' வாங்கித் தரலாம் என்று குழுவில் வசூல் பேச்சு நடக்கிறது. ஒரு லட்சத்தைத் தாண்டும் விலை. கேமரா வைத்த மூக்குக் கண்ணாடி, முன்னால் இருப்பதைப் படித்துக் காதில் சொல்லும். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மளமளவென்று பணம் அனுப்பத் தயாராக இருக்கிறீர்கள். உங்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு வாரம் பொறுங்கள் என்று நான்தான் சொன்னேன். சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன்.

நான் வேலையில் இருந்தபோது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கம்பெனி நல்ல மனதோடு ஒரு பள்ளிக்குப் படிக்கும் கருவி ஒன்றை நன்கொடையாகத் தந்தது. மாலை, பொன்னாடை, போட்டோ எல்லாம் நடந்தது. அது ஆங்கிலம் மட்டும்தான் படிக்கும் என்பது விழா முடிந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் பழுதானது. பார்க்க ஆள் வரவில்லை. மேலே ஒரு துணி போட்டு மூடி வைத்தார்கள். நான் ஓய்வு பெறும்போதும் அந்தத் துணி அப்படியே இருந்தது. கொடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரே கர்ஸ்வைல் கதை இருக்கிறது. 1974இல் அவர் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார். எந்த வகை அச்செழுத்தாக இருந்தாலும் கணினி அடையாளம் கண்டுகொள்ளும் நிரல் அவரிடம் இருந்தது. எதற்குப் பயன்படுத்துவது என்றுதான் தெரியவில்லை. விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த பார்வையற்றவர் ஒருவர், தனக்கு உண்மையில் தடையாக இருப்பது சாதாரண அச்சைப் படிக்க முடியாதது ஒன்றுதான் என்று சொன்னதாகக் கர்ஸ்வைல் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு. இது 1940இல் ஜேக்கபஸ் டென்புரோக் என்பவர் தலைமையில் தொடங்கியது. டென்புரோக் பார்வையற்றவர், அரசியல் சட்ட அறிஞர். பார்வையற்றோருக்காகக் கண் தெரிந்தவர்கள் நடத்தும் தர்ம ஸ்தாபனம் இல்லை இது. பார்வையற்றவர்களே உறுப்பினர், அவர்களே தலைவர். கர்ஸ்வைலின் கருவியைப் பார்த்ததும் அவர்கள் கைகூப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அறக்கட்டளைகளிடம் அவர்களே பணம் திரட்டினார்கள். முதல் கருவிகளை நாட்டின் பல ஊர்களில் வைத்துத் தங்கள் ஆட்களைக் கொண்டு சோதித்தார்கள். பார்வையற்ற பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் கர்ஸ்வைல் குழுவோடு உட்கார்ந்து, பொத்தான் எங்கே இருக்க வேண்டும், நிறுத்தினால் எந்த வரியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றெல்லாம் வடிவமைத்தார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம். தினமும் பயன்படுத்துபவருக்குத்தான் அது எவ்வளவு பெரிது என்று தெரியும்.

அந்தக் கருவிக்காகக் கர்ஸ்வைல் குழு இன்னும் இரண்டு பொருள்களை உருவாக்க வேண்டியிருந்தது. ஒன்று, காகிதத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தால் படமெடுக்கும் ஸ்கேனர். மற்றொன்று, எழுத்தைப் பேச்சாக்கும் இயந்திரக் குரல். இன்று ஜெராக்ஸ் கடைக்குக் கடை இருக்கும் அந்தத் தட்டை ஸ்கேனரின் பரம்பரையைப் பார்த்தால் பார்வையற்றவர்களுக்கான இந்தக் கருவியும் அதில் வரும்.

1976 ஜனவரி 13 அன்று கூட்டமைப்பின் தலைவர்களோடு சேர்ந்து கர்ஸ்வைல் அதை வெளியிட்டார். அவருக்கு அப்போது 27 வயது. அன்றிரவு அமெரிக்காவின் புகழ்பெற்ற செய்தி வாசிப்பாளர் வால்டர் கிரான்கைட், செய்தி முடிவில் தான் வழக்கமாகச் சொல்லும் வாசகத்தை அந்த இயந்திரத்தைச் சொல்லவைத்தார். தொலைக்காட்சியில் இதைப் பற்றி அறிந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் கம்பெனியைத் தேடிவந்து ஒன்று வாங்கிப் போனார். அந்த நட்பில்தான் கர்ஸ்வைல் பிறகு இசைக்கருவி கம்பெனியும் தொடங்கினார் என்பது தனிக் கதை. படிக்கும் கருவியின் விலை ஏறக்குறைய 50,000 டாலர். அளவோ ஒரு மேசை நிறைய. நூலகங்கள்தான் வாங்க முடிந்தது.

எங்கள் பெரிய மாமாவைச் சொந்தக்காரர்களுக்கு நினைவிருக்கும். கண் நீர் அழுத்தத்தால் பார்வை போனவர். மகன் ராணுவத்திலிருந்து எழுதும் கடிதத்தைத் தபால்காரர்தான் திண்ணையில் உட்கார்ந்து படிப்பார். மகன் கடன் கேட்டு எழுதினால், மாமாவுக்குத் தெரியும் அதே நேரத்தில் தெருவுக்கும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் ஒருமுறை கடிதம் வந்ததும் படிக்கவேண்டாம் என்று சொல்லி மடியில் முடிந்துகொண்டு, நான் லீவுக்கு வரும்வரை வைத்திருந்தார். நான்கு நாள். அந்த நான்கு நாளை நினைத்துக்கொண்டுதான் கர்ஸ்வைல் கதையைப் படித்தேன்.

கர்ஸ்வைல் தன் கம்பெனியை 1980இல் ஜெராக்ஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டார். ஆப்டகான் போல இதுவும் அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை, ஏனென்றால் கூட்டமைப்பு அவரை விடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, இரு தரப்பும் சேர்ந்தே ஒரு கம்பெனி வைத்தார்கள். 2006இல் கையில் பிடித்துக்கொள்ளும் கருவி வந்தது, சுமார் 3,500 டாலர். 2008இல் நோக்கியா கைபேசிக்குள் போனது. 2014இல் ஐபோன் செயலியாக 99 டாலர். 2017இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி இதே வேலையைச் செய்யும் சீயிங் ஏஐ செயலியை இலவசமாகவே கொடுத்தது. அதை உருவாக்கிய குழுவை நடத்தியவர் சாகிப் ஷேக் என்ற பார்வையற்ற பொறியாளர். 50,000 டாலரில் தொடங்கியது 41 ஆண்டில் காசில்லாமல் கிடைத்தது.

இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற தட்டச்சுப் பொறியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஆறு விசை, நடுவில் ஒரு இடைவெளி விசை, இரும்பு உடம்பு. அமெரிக்காவில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் தச்சுவேலை கற்றுக்கொடுத்த டேவிட் ஆபிரகாம் என்ற ஆசிரியர் வடிவமைத்தது. ஆசிரியர் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்! போரினால் தாமதமாகி, 1951இல் தயாரிப்புக்கு வந்தது. தயாரித்தது வெளிக் கம்பெனி இல்லை, பள்ளியின் சொந்த அச்சகமான ஹோவ் பிரஸ். எழுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அது இன்னும் சாகவில்லை. பழுதானால் திருகைக் கழற்றிச் சரி செய்யலாம். அந்தப் பள்ளியோடு கூட்டுச் சேர்ந்து இதே பிரெய்லரைச் செய்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? நம் காட்பாடியில்! வொர்த் டிரஸ்ட் பட்டறை. தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக 1963இல் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய மறுவாழ்வு மையம் அது. பிறகு எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை தரும் தொழிற்கூடமாக வளர்ந்தது. காட்பாடி ஜங்ஷனில் எத்தனை தடவை ரயில் மாறியிருப்போம், பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே வொர்த் டிரஸ்ட் தமிழ்ப் பாடநூல்களை வேகமாகப் பிரெய்லுக்கு மாற்ற வழி தேடியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வகம் அச்சுத் தமிழை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருளை உருவாக்கியிருந்தது. இரண்டும் சேர்ந்தன. பக்கத்தை ஸ்கேன் செய்தால் கணினி எழுத்தாக்கும், எழுத்தைப் பிரெய்லாக்கலாம். கர்ஸ்வைல் ஆங்கிலத்துக்குச் செய்த முதல் பாதியைத் தமிழுக்கு இவர்கள் செய்தார்கள். இரண்டாம் பாதியான குரலுக்கு, சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் மத்திய அரசுப் பணத்தில் ஒன்று கூடின. தமிழ்க் குரல் வேலையில் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியும் இருந்தது. இதற்கெல்லாம் சட்டமும் வழிவிட வேண்டும். புத்தகத்தைப் பார்வையற்றவர் படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது குற்றமில்லை என்று 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. இதற்கான உலக உடன்படிக்கை 2013இல் மொராக்கோவின் மராகேஷ் நகரத்தில் முடிவானபோது, அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடும் இந்தியாதான்.

கடைசியாக ஒன்று. கணினித் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒரு காலத்தில் ஆயிரம் டாலர் அளவில் விற்றது. கணினியை விட மென்பொருள் விலை அதிகம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டெ என்று இரண்டு பார்வையற்ற இளைஞர்கள். சிறுவர்களாக இசை முகாம் ஒன்றில் பழக்கமானவர்கள். கண் தெரிந்தவன் கணினி வாங்கினால் திரை கூடவே வருகிறது, நாங்கள் மட்டும் ஏன் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம். 2006இல் கர்ரன் எழுதத் தொடங்கினார். என்விடிஏ என்று பெயர். இலவசம் மட்டுமில்லை, உள்ளே இருக்கும் நிரல் முழுவதும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் எடுத்துத் திருத்தலாம். மொஸில்லா, மைக்ரோசாஃப்ட் போன்ற கம்பெனிகள் பணம் கொடுத்தன, ஆனால் சாவி அவர்களிடம் இல்லை. நாளைக்கு எந்தக் கம்பெனி விலகினாலும் ஆப்டகானுக்கு நடந்தது இதற்கு நடக்காது. 50க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது, தமிழும் உண்டு. இலவசக் குரலான இ-ஸ்பீக் தமிழும் பேசும். கொஞ்சம் மூக்கடைத்த குரல்தான், ஆனால் பேசும். பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு எந்தக் கணினியிலும் ஓட்டலாம்.

போன வாரம் தலைமையாசிரியர் அனுமதியோடு, குழுவில் இருக்கும் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நம் பள்ளிக் கணினி ஒன்றில் அதைப் போட்டோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்தாள். சிறப்பாசிரியர் வேறு இடத்தில் ஏற்கெனவே பழக்கியிருக்கிறார் போல. குரலின் வேகத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. "மெதுவாத்தான் டீச்சர் ஓடுது" என்று சிரித்தாள்.

கண்ணாடி வேண்டுமா என்று அவளிடமே கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் சொன்னாள்: "என் மார்க் ஷீட்ட நானே முதல்ல படிக்கணும் டீச்சர். வேற யாரும் எனக்கு முன்னாடி படிக்கக் கூடாது. கண்ணாடி அதைப் படிக்குமா? தமிழ்ல படிக்குமா? நெட் இல்லைன்னா படிக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் ஒரு வாரம் கேட்டேன். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளியில் கூடுகிறோம். கண்ணாடி விற்பவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழுதானால் யார் பார்ப்பார், எத்தனை ஆண்டு பார்ப்பார், பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். சிறப்பாசிரியரும் பிள்ளையின் அம்மாவும் வருகிறார்கள். தமிழ்ப் பாடப்புத்தகம் ஒன்று, ரேஷன் அட்டை ஒன்று, மருந்துச் சீட்டு ஒன்று, போன பரீட்சை மார்க் ஷீட் கவரோடு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறையும், போட்டுக்கொண்டு ஒருமுறையும் அவள் படித்துப் பார்க்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ காலில் வாருங்கள். பேச்சை அவளே தொடங்குவாள். கவரைப் பிரிக்கும்போது மட்டும் நாம் எல்லாரும் வெளியே வராந்தாவில் நிற்போம்.